யார் தலையில் நேர்த்திக்கடன்?

மழைக்காக ஒரு சிறுமியைப் பொட்டுக் கட்டி விடுகிறார்கள். இமையத்தின் ‘செடல்’ நாவலை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். 2006இல் க்ரியா வெளியீடாக வந்தது. வானம் பொய்த்துவிட்டது. ஊர் கூடிப் பேசுகிறது. செல்லியம்மனுக்கு ஒரு பெண்பிள்ளையை நேர்ந்துவிட்டால் மழை இறங்கும் என்று முடிவாகிறது. அந்தப் பிள்ளை, கூடிப் பேசிய பெரிய மனிதர்களின் வீட்டிலிருந்து வரவில்லை. ஒரு கூத்தாடிக் குடும்பத்திலிருந்து வருகிறாள். வேண்டுதல் ஊருடையது, கழுத்து செடலுடையது.

தலித் வாழ்க்கையைச் சொல்லும் நாவல், பெண்ணின் துயரத்தைச் சொல்லும் நாவல், கூத்துக் கலையின் ஆவணம் என்றெல்லாம் ‘செடல்’ வாசிக்கப்படுகிறது. எதுவும் தப்பில்லை. ஆனால் எனக்கு அது முதலில் பிரார்த்தனையைப் பற்றிய நாவல். மனிதர்கள் ஏன் வேண்டிக்கொள்கிறார்கள், வேண்டுவதால் ஏதாவது நடக்கிறதா என்ற பழைய கேள்விக்கு, தத்துவம் பேசாமல், ஒரு சிறுமியை நிறுத்தி வைத்துப் பதில் தேடுகிற நாவல். தமிழில் இந்தக் கேள்வியை இவ்வளவு கறாராகக் கேட்ட புனைவு அதிகமில்லை.

இஞ்சினியரிங் படித்த யாருக்கும் ஹாஸ்டலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்குமேல் வரும் அந்தச் சண்டை தெரிந்திருக்கும். சாமி கும்பிட்டா ஏதாவது நடக்குமா, நடக்காதா? ஒருத்தன் பெரியாரைக் கொண்டு வருவான். இன்னொருத்தன் நெற்றியில் விபூதியோடு, “உனக்கு அனுபவம் இல்லடா” என்பான். விடிகிறவரை நடக்கும். பல வருடம் கழித்து யோசித்தால், இரண்டு கட்சியும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது புரிகிறது: இன்புட் கொடுத்தால் அவுட்புட் வருகிறதா?

அந்தக் கேள்வியை அறிவியலும் அதே மாதிரி கேட்டுப் பார்த்திருக்கிறது. 1872இல் ஃபிரான்சிஸ் கால்டன் இங்கிலாந்தில் ஒரு கணக்குப் போட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் நாடு முழுக்க மாதா கோயில்களில் அரச குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்காக வேண்டுகிறார்கள், அப்படியானால் அவர்கள்தானே அதிக நாள் வாழ வேண்டும்? வசதியான வர்க்கங்களை எடுத்துப் பார்த்தால் அவர்கள்தான் குறைந்த வயதில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கால்டன் இதைக் கொஞ்சம் குசும்போடுதான் எழுதினார். 2006 ஏப்ரலில், அதாவது ‘செடல்’ வந்த அதே வருடம், அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் இதைவிட ஒழுங்கான ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1802 நோயாளிகள், மூன்று குழுக்கள். முதல் இரண்டு குழுக்களிடம், உங்களுக்காக வேண்டிக்கொள்ளலாம், வேண்டிக்கொள்ளாமலும் இருக்கலாம் என்று சொன்னார்கள். ஒரு குழுவுக்கு வேண்டினார்கள், இன்னொன்றுக்கு வேண்டவில்லை. சிக்கல் வந்தவர்கள் முறையே 52 சதவீதம், 51 சதவீதம். வித்தியாசம் ஒன்றுமில்லை. மூன்றாவது குழுவிடம், உங்களுக்காகக் கட்டாயம் வேண்டுகிறோம் என்று சொல்லிவிட்டு வேண்டினார்கள். அந்தக் குழுவில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்.

நாத்திக நண்பர்கள் முதல் இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு மூன்றாவது எண்தான் முக்கியம். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள், அதனால் அதன்மேல் பெரிதாக எதையும் கட்ட முடியாது. ஆனாலும் அந்தக் கட்டிலில் படுத்திருக்கும் ஆளை யோசித்துப் பாருங்கள். முகம் தெரியாத யாரோ தினமும் நமக்காக உட்கார்ந்து வேண்டுகிறார்கள் என்று தெரிந்ததும், “அப்ப நம்ம நெலம அவ்வளவு மோசமா?” என்று தோன்றாதா? இன்னொருவரின் வேண்டுதல் நம்மேல் வந்து உட்கார்கிறபோது அதற்கு ஒரு கனம் இருக்கிறது.

இந்த ஆய்வுகளுக்கும் ஹாஸ்டல் சண்டைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பிரார்த்தனை என்பது செலவில்லாத காரியம், வாயால் சொல்லும் வார்த்தை என்று இரண்டுமே எடுத்துக்கொள்கின்றன. எங்க பக்கம் அப்படி ஒரு பிரார்த்தனையைப் பார்ப்பது கஷ்டம்.

எங்க பக்கம் என்றால் எலவனாசூர்கோட்டை. உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் சேலம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்து போயிருப்பீர்கள். மேற்கே கல்வராயன் மலை. மானாவாரி பூமி அதிகம் என்பதால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மழையில் வந்து நிற்கும். இங்கே யாரும் ‘பிரார்த்தனை’ என்று சொல்ல மாட்டார்கள். வேண்டுதல், நேர்த்தி, நேந்துக்கறது, முடிஞ்சு வைக்கிறது என்றுதான் சொல்வார்கள். மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை வைத்து முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டால் கணக்கு திறந்தாயிற்று. காரியம் முடிந்தபிறகு அடைக்க வேண்டியதற்குப் பெயரே கடன்தான், நேர்த்திக்கடன். கிடா வெட்டு, மொட்டை, அலகு, மண்சோறு, தீமிதி எல்லாமே அந்தக் கடனை அடைக்கிற வகைகள். செடல் என்ற சொல்லே இதில் ஒன்று. முதுகுத் தோலில் கொக்கியைக் குத்திச் சுமப்பது, தொங்குவது. கடலூர், விழுப்புரம் பக்கத்து அம்மன் கோயில்களில் செடல் திருவிழா இன்றும் நடக்கிறது. நாவலைத் திறப்பதற்கு முன்பே அட்டையில் ஒரு நேர்த்திக்கடனின் பெயர் இருக்கிறது என்பதை மற்ற ஊர் வாசகர்கள் கவனிக்காமல் போகலாம்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலைக் கிராம அர்த்தநாரீஸ்வரர் கோயில் என்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊருக்கு இறையானறையூர் என்று பெயர், சாமிக்கு ஊர்ப்பாகங்கொண்டருளிய மகாதேவர் என்று பெயர். உமைக்குப் பாகம் கொடுத்த சிவனை எல்லோருக்கும் தெரியும். ஊரில் பாகம் வாங்கிக்கொண்ட சிவன் எங்களுடையவர். பக்தி இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் ஒரு கவித்துவமாகத் தெரியும். எனக்கென்னவோ பங்குப் பத்திரம் மாதிரி தெரிகிறது. வேண்டுதலைக் கொடுக்கல் வாங்கலாகப் பார்ப்பது படிக்காத ஜனங்களின் மூடத்தனம், மேலான பக்தியில் அது கிடையாது என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். கோயில் சுவர்களைப் படித்தால் அந்த வாதம் நிற்காது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டுமென்றால் 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, அதுவுமில்லையென்றால் 16 எருமை. நாளுக்கு ஓர் உழக்கு நெய். சோழர் கல்வெட்டுகளில் இந்த ஆடுகளுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். சாகாத, கிழடாகாத ஆடுகள். ஆடு சாகாமல் இருக்குமா? செத்ததற்குப் பதில் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது மேய்க்கிறவர் பொறுப்பு. விளக்கு வைத்தவர் ஒருநாள் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இடையர் வாழ்நாள் முழுக்க, அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள், தினமும் நெய் அளக்க வேண்டும். புண்ணியம் கொடுத்தவர் கணக்கில் ஏறும், அந்தக் கணக்கை ஓட விடுகிற வேலை இன்னொருவருடையது.

இதே பிரிவினை என் வீட்டிலும் நடந்திருக்கிறது. நான் ஃபைனல் இயர் படிக்கும்போது, எனக்குக் கேம்பஸில் வேலை கிடைத்தால் திருப்பதியில் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டார். மொட்டை அம்மாவுக்கு இல்லை, எனக்கு. வேலை கிடைத்தது. “என்னைக் கேக்காம எப்டிம்மா என் முடிய நேந்துக்கலாம்?” என்றேன். “உனக்காகத்தான நேந்துக்கிட்டேன்? பின்ன பக்கத்து வீட்டுக்காரன் முடியவா குடுக்க முடியும்?” என்றார். ஆஃபர் லெட்டரோடு சேர்த்து மொட்டையையும் எடுத்துக்கொண்டு முதல் நாள் வேலைக்குப் போனேன். சிரிக்கக்கூடிய விஷயம்தான். முடி மூன்று மாதத்தில் வளர்ந்துவிடும். ஆனால் இந்த அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றினால், முடிக்குப் பதில் ஒரு பெண்ணின் வாழ்க்கையை வைத்தால், ‘செடல்’ வந்துவிடுகிறது.

மழை வேண்டுதலை மேலும் கொஞ்சம் பார்க்கலாம். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் ட்ரோப்ரியாண்ட் தீவு மக்களைப் பற்றிச் சொன்னது பிரபலமானது. உள்கடலில், நிச்சயமாக மீன் கிடைக்கும் இடத்தில், அவர்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. ஆபத்தும் சந்தேகமும் உள்ள வெளிக்கடலுக்குப் போகும்போதுதான் சடங்கு தொடங்குகிறது. கை எட்டாத இடத்தில் சாமி வருகிறது. கிணற்றுப் பாசனக்காரர் மோட்டாருக்குத்தான் பயப்படுவார், மானாவாரிக்காரர் வானத்துக்குப் பயப்பட வேண்டும். இதில் படித்தவர், படிக்காதவர், பட்டணம், பட்டிக்காடு என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. 2019 கோடையில் இந்து சமய அறநிலையத் துறையே கோயில்களில் மழை வேண்டி யாகம் நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அர்ச்சகர்கள் அண்டாவில் தண்ணீர் நிரப்பிக் கழுத்தளவு உட்கார்ந்து ஜபித்தார்கள். நாகஸ்வரத்தில் அமிர்தவர்ஷிணி வாசித்தார்கள். அதே ஜூன் மாதம் ஓ.எம்.ஆரில் கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் எங்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. க்ளவுட் என்ற சொல்லை நாள் முழுக்க உபயோகிக்கிறவர்கள் வாட்டர் டேங்கருக்காக வாசலில் நின்றோம். யாகத்தைக் கிண்டல் செய்து எங்கள் வாட்ஸப் குழுவில் ஏகப்பட்ட மீம்கள். ஆனால் அந்த யாகத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? சில அர்ச்சகர்களுக்குக் கொஞ்ச நேரம் குளிர்ந்திருக்கும். மழை வரவில்லையென்றால் எழுந்து, துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம்.

செடல் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. இங்கேதான் இமையத்தின் நாவல், பலிக்குமா பலிக்காதா என்ற சண்டையைத் தாண்டிப் போகிறது. பொட்டுக் கட்டியபிறகு மழை பெய்தாலும் அவள் சாமிக்கு விட்ட பிள்ளை, பெய்யாவிட்டாலும் சாமிக்கு விட்ட பிள்ளை. எங்கள் தொழிலில் எதை லைவுக்குக் கொண்டுபோவதற்கு முன்பும், சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா என்று கேட்பார்கள், ரோல்பேக் என்பார்கள். அது இல்லாமல் ரிலீஸ் செய்ய விடமாட்டார்கள். ஊர் செய்த வேண்டுதலில் ரோல்பேக் கிடையாது. அடுத்த மழை, அதற்கடுத்த மழை, அடுத்த பஞ்சம் என்று ஊருக்கு எத்தனையோ வருடங்கள் உண்டு. அவளுக்குக் கல்யாணம் கிடையாது. பிள்ளைக்குட்டி என்று ஒரு குடும்பம் கிடையாது. கோயிலை ஒட்டிய வாழ்க்கை, திருவிழாவுக்கு ஆட்டம், சாவு வீட்டில் பாட்டு, களத்துமேட்டில் நெல்லுக்குக் கையேந்தல். பிறகு கூத்தில் சேர்கிறாள், பெயர் எடுக்கிறாள். பெயர் எடுத்தும் நேர்ந்துவிட்டவள் என்ற அடையாளம் போகவில்லை. அந்த அடையாளத்தை வைத்துத்தான் ஒவ்வொரு ஊரும் அவளைக் கூப்பிடுகிறது, அதை வைத்துத்தான் ஒவ்வொரு ஆணும் அவளைப் பார்க்கிறான்.

இமையம் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. ஊர்ப் பெரியவர்களை வில்லன்களாக்கவும் இல்லை. பஞ்சத்தில் அவர்களும் காய்ந்துதான் போகிறார்கள், அவர்கள் கும்பிடுவதும் உண்மையான கும்பிடுதான். அதனாலேயே படிக்கிறபோது நடுக்கம் வருகிறது. அயோக்கியர்கள் கூடி ஒரு சிறுமியைக் கெடுத்தார்கள் என்றால் கதை சுலபம். நல்ல மனிதர்கள், பக்தியோடு, ஊர் நன்மைக்காக, தங்கள் வீட்டிலிருந்து இல்லாத ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாமிக்குக் கொடுப்பது என்று பெயர் வைத்த பிறகு யாரிடமிருந்து எடுத்துக் கொடுக்கிறோம் என்ற கேள்வி எழுவதே இல்லை. தேவதாசி முறையை ஒழித்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது நமக்குப் பெரிய கோயில்கள், சதிர், முத்துலட்சுமி ரெட்டி எல்லாம் நினைவுக்கு வரும். ஓலைக் கூரை அம்மன் கோயில்களில், கலையும் மானியமும் இல்லாமல், மழைக்கும் கொள்ளைநோய்க்கும் நேர்ந்துவிடப்பட்ட பெண்கள் அந்த வரலாற்றின் அடிக்குறிப்பில்கூட இல்லை. நாவல் அவர்களில் ஒருத்தியை நடுவில் கொண்டுவந்து வைக்கிறது. பின்பாதி நீளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூத்துப் பயணங்கள் ஒன்றுபோல் ஒன்று வருகின்றன, நூறு பக்கத்தைக் குறைத்திருந்தால் எதுவும் கெட்டிருக்காது. ஆனால் நடுநாட்டுப் பெண்களின் பேச்சை, திட்டை, ஒப்பாரியை இவரளவுக்குக் காதால் எழுதியவர் வேறு யாரும் இல்லை.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) இதோடு சேர்த்து வாசிக்க வேண்டிய நாவல். சர்ச்சை, பிரிவு, தடை என்று அதைப் பற்றிய பேச்சு முழுக்க வேறு திசையில் போய்விட்டதால் அதுவும் ஒரு பிரார்த்தனை நாவல் என்பது மறைந்துவிட்டது. காளிக்கும் பொன்னாளுக்கும் பன்னிரண்டு வருடமாகக் குழந்தை இல்லை. எத்தனை வேண்டுதல்! திருச்செங்கோட்டு மலையின் உச்சியில் வறடிக்கல்லைச் சுற்றுகிறாள் பொன்னா. கால் தவறினால் பள்ளம்தான். சாவோடு விளையாடித்தான் பிள்ளை வரம் கேட்க வேண்டும் என்று அந்த வேண்டுதல் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. காளி அவளோடு சந்தோஷமாகத்தான் இருக்கிறான், அவனுக்கு அவள் போதும். குழந்தை கேட்பது ஊர். சாப்பாட்டுப் பந்தியில், சீர் வைக்கும் இடத்தில், தோட்டத்து வரப்பில், ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊரின் கேள்வியே பொன்னாளின் வாயில் வேண்டுதலாக வருகிறது.

கடைசியில் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள். அந்த இரவில் வருகிற ஆண்கள் எல்லோரும் சாமி. பொன்னா போகிறாள், காளி சம்மதித்துவிட்டான் என்று அவளுடைய அண்ணன் சொன்னதை நம்பி. காளி சம்மதிக்கவில்லை. இரண்டு தாய்களும் அண்ணனும் சேர்ந்து எடுத்த முடிவு. நல்ல எண்ணத்தில்தான். இந்த நல்ல எண்ணம் ‘செடல்’ நாவலில் பார்த்த அதே நல்ல எண்ணம். பெருமாள்முருகன், நம்பிக்கை சரியா தப்பா என்று விசாரிக்கவில்லை. அந்த இரவைக் கிட்டத்தட்ட அழகாகவே எழுதுகிறார், பொன்னாளுக்கு அதில் ஒரு விடுதலைகூட இருக்கிறது. ஆனால் கடன் யார் கழுத்தில் இறங்குகிறது என்பதை மறைக்கவில்லை. நாவல் பூவரசு மரத்தடியில் காளியோடு முடிகிறது. 2014 கடைசியில் கிளம்பிய எதிர்ப்பு, எங்கள் சாமியை, எங்கள் பெண்களைக் கேவலப்படுத்திவிட்டார் என்றது. எழுத்தாளர் தன் எழுத்து வாழ்க்கையே முடிந்ததாக அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புதான் அவரை எழுதச் சொல்லித் திரும்ப அனுப்பியது. சாமியைக் கேள்வி கேட்கிற புத்தகங்கள் தமிழில் எத்தனையோ வந்து ஒன்றும் ஆகவில்லை. இது சாமியைக் கேள்வி கேட்கவில்லை. சாமி பேரில் ஊர் கேட்டதை யார் கொடுத்தார்கள் என்று காட்டியது. கோபம் அதனால்தான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

இடையில் புதுமைப்பித்தனையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். பிள்ளைவாள் அவரிடம் மோட்சம் கேட்கவில்லை, தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகச் சேர்க்கிறார். தமிழ்ப் புனைகதையில் மனிதனிடம் கடவுள் பணம் கட்டுகிற இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் ஹாஸ்டல் சண்டையில் பெரியார் கட்சியில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றலாம். அந்தக் கட்சிமேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அது ஒரு விஷயத்தை எப்போதும் தவறவிடும். என் ஆயா தினமும் சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு அரை மணிநேரம் பேசுவார். சாமியிடம்தான். இடுப்பு வலி, மருமகள் சொன்ன சொல், பால்காரர் தண்ணி கலப்பது, செத்துப்போன தாத்தா, எல்லாம் வரும். பெரும்பாலும் எதையும் கேட்க மாட்டார். “கேட்டுக் கேட்டு ஏதாச்சும் குடுத்திருக்குதா ஆயா?” என்று ஒருமுறை கேட்டேன். “குடுக்கும்னா சொல்றேன்? இத வேற யாரு உக்காந்து கேப்பா? உங்கப்பன் கேப்பானா, நீ கேப்பியா?” என்றார். கால்டனின் கணக்கில் இந்த அரை மணிநேரத்துக்கு மதிப்பு பூஜ்யம். பென்சனின் ஆய்விலும் பூஜ்யம்தான், ஏனென்றால் அவர்கள் அளந்தது வேண்டப்பட்டவரை, வேண்டியவரை இல்லை. சொல்ல ஓர் இடம் இருப்பது பயன்தான். பெரிய பயன். நம் பக்தி மரபின் பெரும்பகுதி கேட்பதில் இல்லை, இப்படி முறையிடுவதில், சண்டை போடுவதில், புலம்புவதில் இருக்கிறது.

ஆயாவின் பேச்சுக்கும் ஊரின் நேர்த்திக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருப்பதால்தான் நம் விவாதம் குழம்புகிறது. தன் முதுகில் தானே செடல் குத்திக்கொள்கிறவரைப் பார்த்து எனக்கு வலிக்கும், ஆனால் அவரிடம் நான் கேட்க ஒன்றுமில்லை. அவர் வேண்டினார், அவர் கட்டுகிறார். அடுத்தவர் கழுத்தை நேர்ந்துவிடுகிறவரிடம் கேட்க நிறைய இருக்கிறது. அது சாமி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இல்லை. சாமி இருந்து, வேண்டுதல் நூற்றுக்கு நூறு பலித்தாலும், பொட்டுக் கட்டிய மறுநாளே ஊர் மிதக்க மழை கொட்டினாலும், அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். சொல்லப்போனால் பலித்தால்தான் இன்னும் மோசம். அடுத்த பஞ்சத்துக்கு அடுத்த சிறுமியைத் தேடுவார்களே.

செடல் ஒரு கூத்தாடி என்பதால் கடைசியாக ஒரு கூத்துக் கதைக்கு வருகிறேன். ‘அரவான் களப்பலி’. கூத்து பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்கக் காளிக்கு ஒரு பலி வேண்டும். முப்பத்திரண்டு லட்சணமும் பொருந்திய ஆள் வேண்டும். கண்ணன் இருக்கிறான், அர்ச்சுனன் இருக்கிறான், அவர்களை இழக்க முடியாது. அர்ச்சுனனுக்கு நாகக்கன்னியிடம் பிறந்த பிள்ளை அரவான் இருக்கிறான். ‘செடல்’ நாவலில் ஊர் கூடிப் போட்ட கணக்கு இதுதான். ஆனால் கூத்து அங்கே நிற்பதில்லை. பலியாகப் போகிறவனுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கிறது என்கிறது. கல்யாணம் ஆகாமல் சாகக் கூடாது. மறுநாள் சாகப் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து ஓர் இரவுக்கு மனைவியாகிறான். விடிந்ததும் தாலி அறுக்கிறான்.

இந்தக் கதையின் கோயில் எங்கள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் கூவாகத்தில் இருக்கிறது. கூத்தாண்டவர் கோயில். சித்திரையில் பதினெட்டு நாள் திருவிழா. திருநங்கைகள் நாடெங்கிலுமிருந்து வந்து அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்வதை டிவியில் பார்த்திருப்பீர்கள். அழகிப் போட்டியை மட்டும் படமெடுத்துவிட்டுப் போகிற கேமராக்கள் காட்டாதது, சுற்றுப்பட்டுக் கிராமத்து ஆண்களும் வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்வதை. அது இவர்களே வேண்டி, இவர்கள் கழுத்திலேயே கட்டிக்கொள்வது. பாண்டவர் ஜெயித்தார்களா என்று அங்கே யாரும் பேசுவதில்லை. மறுநாள் காலையில் தேர் பந்தலடிக்கு வருகிறது. தாலி அறுக்கிறார்கள், வளையலை உடைக்கிறார்கள், மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், குளித்துவிட்டு வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். சாயங்காலம் அரவானுக்குப் பலிசாதம் படைப்பார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் வரிசையில் நின்று அதை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.